மூன்றாவது வரிசைத் தலை

நூலாங்குளத்தில் லிங்கதுரை செத்து, காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிய பிறகுதான், அவன் இன்னும் தீபாவளிப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரியவந்தது.

முதலில் தெரிந்தது அவன் பெண்டாட்டி சுடலைக்கனிக்கு. அவள் விசைத்தறிக் கூடத்தில் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். ஓடுகிற நூலை நாளெல்லாம் பார்த்துப் பார்த்து, இழை எங்கே அறுந்தாலும் மற்றவர்களுக்கு முன்னால் அவள் கண்ணில்தான் படும். லிங்கதுரை அதே கூடத்தில் தறி ஓட்டினான். ஒரு மத்தியானம் நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே போய்விட்டான். வீட்டில் அவனுக்கு ஒழுங்கான படம் ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் போட்டோக்கடைக்காரர் பெரிதாக்கி, அவன் வாழ்நாளில் போட்டிராத ஒரு நீலக் கோட்டையும் மாட்டிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். சுடலைக்கனி அதற்கு மாலை போட்டாளே தவிர அதன் முன்னால் நின்று அவளுக்கு அழ வரவில்லை, யாரோ ஒரு பேங்க் மேனேஜரைப் பார்த்து அழுவதுபோல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மீரானின் செல்போன் கடை இருந்தது. 'பாட்டு, படம் ஏற்றித் தரப்படும்' என்று கண்ணாடியில் எழுதியிருக்கும். சார்ஜ் ஏறாத போனைச் சரிபண்ண அவள் போனபோது, மீரான் யாருக்கோ மெமரி கார்டில் தீபாவளிப் படத்தின் திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்து டவுனில் ரத்னமாலா தியேட்டரில் யாரோ ஒருவன் போனைச் சட்டைப்பையில் நிறுத்திவைத்து எடுத்த படம் அது. திரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, பாட்டுக்கு நடுவே யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை வீட்டுக்குப் போகலாம் என்று அழுதது. இடது கீழ் மூலையில் மூன்றாவது வரிசையில் இருந்தவனின் தலை படத்தில் ஒரு துண்டை மறைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தலையின் இடது காது நுனியில் மடிந்திருந்தது. ஷிப்ட் முடிந்து குளிக்காமல் நேரே தியேட்டருக்கு வந்தவன் தலையில் இருப்பதுபோல் முடியெல்லாம் பஞ்சு.

"மீரான், அதை நிறுத்து," என்றாள்.

"நல்லாத்தான்க்கா ஓடுது. இதைவிடத் தெளிவா இப்பக் கெடைக்காது."

"நிறுத்துன்னு சொல்லுதேன்."

மீரான் நிறுத்தினான், பிறகு அவனும் பார்த்தான், அப்புறம் முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் படத்தை மறுபடி ஓட விட்டான். சிரிப்பு நடிகர் ஜோக்கை இன்னும் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அந்தத் தலை குலுங்கிச் சிரித்தது. எந்த ஜோக்குக்கும் முக்கால்வாசியிலேயே சிரித்து மீதியை மற்றவர்கள் கேட்க முடியாமல் செய்கிறவன் நூலாங்குளத்தில் ஒருத்தன்தான் இருந்தான்.

அவள் ஒரு கார்டில் அதை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் சமைத்துக்கொண்டே அடுப்படியில் போனைச் சாய்த்துவைத்துப் படத்தை ஓட விட்டபோது, இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் லிங்கதுரை பாதி திரும்பி, "ஏட்டி சுடலி, வெளியில கொடம் நெறஞ்சு வழியுது பாரு," என்றான். வெளியே போய்ப் பார்த்தாள், வழிந்துகொண்டுதான் இருந்தது. குழாயை அடைத்துவிட்டு வந்தபோது அவன் எழுந்துபோய்க் கடலை வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்திருந்தான். உயிரோடு இருந்த காலத்திலும் அவன் சொல்வான், அவள் குழாயை அடைப்பாள், அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

பக்கத்து வீட்டுக் கோமு மைனி உப்புக் கடன் கேட்க வந்தவள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "எண்ணெ தேய்க்காம முடி எப்படிக் கெடக்கு பாரு," என்று சொல்லி, மீரான் கடைக்குப் போய்த் தனக்கு ஒன்று ஏற்றிக்கொண்டு வந்தாள். கோமு வீட்டில் இருந்தவன் கோமுவோடு பேசினான், வடக்குத் தெருவில் இருந்தவன் வடக்குத் தெருக்காரர்களோடு பேசினான். ஒரு வீட்டில் அவன் கடலை தின்கிற அதே நேரத்தில் இன்னொரு வீட்டில் முறுக்குத் தின்றான். படத்தை இத்தனை தடவை பார்த்தும் அவனுக்குக் கதை மனப்பாடமாகவில்லை, வில்லன் வரும்போதெல்லாம் புதிதாகக் கோபப்பட்டான். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்த பிறகு மாப்பிள்ளையைப் போனுக்கு நேரே உட்காரவைக்கிற வழக்கம் வந்தது, ஏனென்றால் லிங்கதுரை ஆளைப் பார்த்ததும், "இவன் ரெண்டாவது ஷிப்டுல தூங்குத பயல்லா," என்று உள்ளதைச் சொல்லிவிடுவான். பொங்கலுக்கு முன்னால் வந்த செவ்வாய்க்கிழமையில் பெண்கள் கூடி நோன்புக் கொழுக்கட்டை அவித்து அவனுக்கும் ஒன்று வைத்தார்கள். அதைப் பெண்கள் மட்டும்தான் பார்க்கவும் தின்னவும் வேண்டும், ஆம்பிளைக்கு வைக்கக் கூடாது என்று ஒரு தகராறு வந்து, அவன் படத்தைத்தானே பார்க்கிறான், கொழுக்கட்டையைப் பார்க்கவில்லையே என்று சொல்லித் தீர்த்துவைத்தார்கள்.

கஷ்டமான கேள்வி ஒன்றுதான் இருந்தது, சுடலைக்கனி பொட்டு வைக்கலாமா கூடாதா என்பது. அவள் யாரையும் கேட்காமல் ஒரு காலையில் வைத்துக்கொண்டு தறிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். தெருவில் இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. மூன்றாம் தெருக் கல்யாணத்தில் ஆரத்தி எடுக்க ஆள் குறைந்தபோது கோமு, "புருஷன் படம் பாக்கப் போயிருக்கான். அதுக்கு அவ என்ன செய்வா. ஏளா சுடலி, நீ வா," என்று தட்டை அவள் கையில் கொடுத்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நூலாங்குளத்தில் பாதிப் பேர் பட்டன் போன் வைத்திருந்தார்கள், அதில் பெரிய படம் ஏறாது. அதனால் மீரான் ஒவ்வொரு தடவையும் படத்தைச் சுருக்கிச் சுருக்கி ஏற்றினான். சுருக்கச் சுருக்கக் கதாநாயகி முகம் கரைந்தது, சண்டைக்காட்சி கஞ்சிபோல் குழம்பியது, பாட்டு கிணற்றுக்குள் இருந்து கேட்டது, ஆனால் லிங்கதுரை மட்டும் ஒவ்வொரு சுருக்கலிலும் கொஞ்சம் துலங்கினான். முதலில் வெறும் நிழலாக இருந்தவனுக்குச் சட்டைக் கட்டம் தெரிந்தது, பிறகு பின்கழுத்து மச்சம் தெரிந்தது, பிறகு தலையில் இருக்கும் பஞ்சை எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டான். மீரான் தங்கச்சி மகன் துபாயில் இருந்தான், அவன் அதை இணைய வலையில் ஏற்றினான். அப்புறம் அது டொராண்டோவுக்கும் பினாங்குக்கும் போனது. அங்கே அவனை 'மூணாவது வரிசை அண்ணன்' என்று கூப்பிட்டார்கள், பனியில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அவனிடம் ஊரில் மழை உண்டா என்று கேட்டார்கள். அவனும் வில்லன் வராத நேரமாகப் பார்த்துச் சொன்னான்.

படக் கம்பெனிக்கு இது தெரியாமல் இருக்குமா. கம்பெனி ஒரு காவல் பொறி வைத்திருந்தது. அது ஆள் இல்லாமலே இரவு பகலாக வலையைச் சல்லடை போட்டுத் திருட்டுப் பிரதிகளைக் கண்ட இடத்தில் அழிக்கும். மக்கள் படத்துக்குப் 'பத்தாம் வகுப்பு அறிவியல் மாதிரி வினாத்தாள்' என்று பெயர் மாற்றி ஏற்றினார்கள், பொறி அதையும் அழித்தது. கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தை இடம் வலமாகத் திருப்பி ஏற்றினார்கள். அது கொஞ்ச நாள் நின்றது, ஆனால் மடிந்த காது வலது பக்கம் போய்விட்டதால் சுடலைக்கனிக்கு அது பிடிக்கவில்லை, "இது அவுக தம்பி மாதிரி இருக்கு," என்றாள். பிறகு பொறி அதையும் கற்றுக்கொண்டது. டொராண்டோவில் போயிற்று, பினாங்கில் போயிற்று, கடைசியில் நூலாங்குளத்துக் கார்டுகளில் மட்டும் அவன் மிச்சம் இருந்தான்.

அங்கே பொறி நுழைய முடியாது என்பதால் கம்பெனி ஸ்ரீவத்சன் என்கிற பையனைச் சென்னையிலிருந்து அனுப்பியது. அவன் போலீஸ்காரர் ஒருவரோடும் கோர்ட் உத்தரவோடும் வந்து, மீரான் கடைக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தான். மறுநாள் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் போட்டான். மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை, அதோடு கம்பெனியின் சொந்தச் செயலியில் மூன்று மாதம் எல்லாப் படமும் சீரியலும் கிரிக்கெட்டும் இலவசம்.

சுடலைக்கனி முகாமுக்குப் போனாள், கார்டு கொடுக்க அல்ல.

"தம்பி, படம் உங்களோடதா?"

"ஆமாம்மா. நானூறு பேர் ரெண்டு வருஷம் உழைச்ச படம். திருட்டுத்தனமா பார்த்தா அவங்க எல்லாருக்கும் நஷ்டம். உங்க தறியில நெய்த துணியை ஒருத்தன் சும்மா எடுத்துட்டுப் போனா விடுவீங்களா?"

"விடமாட்டோம். படம் உங்களோடதுதான், யாரு இல்லன்னா. தலை யாருது?"

ஸ்ரீவத்சன் நல்ல பையன், யோசித்துத்தான் பதில் சொன்னான். "தலை படத்துக்குள்ள இருக்கும்மா. படம் எங்களோடதுன்னா..."

"படத்துக்குள்ள இல்ல, முன்னால இருக்கு. அவுக தலை மறைக்கிற எடத்துல உங்க படம் இல்ல. அந்த அளவை மட்டும் எனக்கு வெட்டிக் குடுங்க. மிச்சத்தைச் சுருட்டிக்கிட்டுப் போங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரரும் மீசையைத் தடவுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். "நானூறு பேரு எடுத்த படம், ஒருத்தன் தலையைக் கண்டு பயப்படுதே," என்றாள் கோமு.

"அப்படிப் பிரிச்சுக் கொடுக்க உத்தரவுல இடமில்லைம்மா," என்றான் ஸ்ரீவத்சன்.

"அப்போ உத்தரவை எழுதுனவர் தியேட்டர்ல படம் பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள்.

ஊர் தோற்றது இவர்களிடம் அல்ல, தன் வழக்கத்திடம்தான். நூலாங்குளத்தில் யாரும் உறைமோரைப் பத்திரப்படுத்துவதில்லை. இன்றைக்கு நம் வீட்டில் தீர்ந்தால் அடுத்த வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம், அடுத்த வீட்டில் தீர்ந்தால் அதற்கடுத்த வீடு இருக்கிறது. அந்த நினைப்பில்தான் ஒவ்வொரு வீடும் கார்டைக் கொடுத்தது. இலவசமாகச் சீரியல் வருகிறது, லிங்கதுரைக்கு என்ன, எதிர்வீட்டில் இருப்பான் என்று வடக்குத் தெரு கொடுத்தது. வடக்குத் தெருவில் இருப்பான் என்று தெற்குத் தெரு கொடுத்தது. அக்காவிடம் இல்லாமலா போகும் என்று மீரானும் தன் சட்டைப்பையில் இருந்த ஒன்றைக் கொடுத்தான். சுடலைக்கனியின் கார்டு அன்று அவளிடம் இல்லை. கோமுவின் கார்டு கெட்டுப்போனதால் முந்தின வாரம் கோமு அதை இரவல் வாங்கியிருந்தாள்.

"குடுத்துட்டேனேளா," என்றாள் கோமு, வாசல்படியில் உட்கார்ந்து. "பேரன் கிரிக்கெட்டு வேணும்னான். உன்கிட்ட இன்னொன்னு இருக்கும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏது இன்னொன்னு?"

"நீ பொண்டாட்டியாச்சே."

சுடலைக்கனி தெருத்தெருவாகப் போய்க் கேட்டாள். எல்லா வீட்டிலும் இன்னொரு வீட்டைக் கைகாட்டினார்கள், கடைசி வீட்டில் அவள் வீட்டையே கைகாட்டினார்கள். நூலாங்குளம் அன்றைக்குத்தான் லிங்கதுரைக்குச் சரியாக அழுதது. தறிகள் ஓடினாலும் கூடம் அமைதியாக இருப்பதுபோல் இருந்தது. குடங்கள் நிறைந்து வழிந்து தெருவெல்லாம் சகதியானது, சொல்வதற்கு ஆள் இல்லை. நீலக் கோட்டுப் படம் மட்டும் சுவரில் இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பெண்கள் அவள் நெற்றியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெரிய வீட்டு ஆச்சி ஒருத்தி தணிந்த குரலில், "இனியாவது எடுத்திரும்மா," என்றாள்.

"கம்பெனி அழிச்சா அவுக செத்ததா ஆயிருமா?" என்றாள் சுடலைக்கனி. "எம் புருஷன் செத்தாரா இல்லையான்னு மெட்ராஸ்ல எவனோ முடிவு பண்ணுவான், அதுக்கு நான் நெத்தியை அழிக்கணுமா? அழிக்கமாட்டேன்." மறுநாள் பொட்டைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் தெருவில் வளைகாப்புக்கு அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போய் முன்வரிசையில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டு வந்தாள்.

மாசி மாதம் கம்பெனி அந்தப் படத்தைத் தன் செயலியில் முறைப்படி வெளியிட்டது. சாய்வு இல்லை, இருமல் இல்லை, கதாநாயகி முகத்தில் மூக்குத்திப் பொட்டுக்கூடத் தெரிந்தது. ஊரில்தான் எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் பெரிய போனில் அதுதான் ஓடியது. சுடலைக்கனி கோமு வீட்டுக்கு அரிசி புடைக்கப் போயிருந்தாள். முதல் பாட்டு முடிகிற இடத்தில், கதாநாயகன் மலை உச்சியில் கையை விரித்து நிற்கும்போது, இடது கீழ் மூலையிலிருந்து பஞ்சு ஒட்டிய முடி மெல்ல எழும்பியது. முன்னும் பின்னும் அசைந்து, பஸ்ஸில் இடம் தேடுகிறவன்போல் கொஞ்சம் நகர்ந்து, வசதியான இடம் பார்த்து உட்கார்ந்தது. காது இடது பக்கம்தான் மடிந்திருந்தது.

கோமு முறத்தைக் கீழே வைத்தாள். தெரு முழுக்க, எல்லா வீட்டு ஜன்னலிலிருந்தும், ஜோக் முடிவதற்கு முன்னால் ஒரே சிரிப்புச் சத்தம் கேட்டது.

இருந்த இடத்தையெல்லாம் அழித்தால் மனுஷன் இருக்கிற இடத்துக்குத்தானே போவான். டொராண்டோவிலும் பினாங்கிலும் பணம் கட்டிப் பார்த்தவர்கள் வீட்டில் அவன் உட்கார்ந்திருந்தான். கம்பெனி அந்தப் பிரதியை எடுத்துவிட்டு வேறு பிரதி போட்டது, அதிலும் வந்தான். இடது மூலையை வெட்டிவிட்டுப் போட்டார்கள், அவன் நடுவரிசைக்கு நகர்ந்தான். வழக்குப் போடலாமா என்று கேட்டதற்கு, செத்தவனுக்கு நோட்டீஸை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று வக்கீல்கள் திருப்பிக் கேட்டார்கள். இதில் பெரிய கூத்து, படத்துக்கு நடுவே ஒரு தலையைக் கண்ட காவல் பொறி, இது தியேட்டரில் திருடியது என்று முடிவு செய்து, கம்பெனியின் சொந்தப் படத்தைக் கம்பெனியின் சொந்த இடத்திலேயே அழித்தது. இவர்கள் போடப் போட அது அழித்துக்கொண்டே இருந்தது, பொறியை நிறுத்தினால் மற்ற படங்கள் களவு போகும். உலகத்தில் அந்தப் படத்தைப் போட முடியாத ஒரே ஆள் அதன் சொந்தக்காரர்தான் என்று வலையில் எழுதிச் சிரித்தார்கள்.

அதனால் ஸ்ரீவத்சன் மறுபடி வந்தான். இந்தத் தடவை போலீஸ்காரர் இல்லை, ஒரு பை ஆப்பிளும் ஒரு லேப்டாப்பும் இருந்தன. தறிக்கூடத்துக்குள் வந்து, நூற்கண்டு அடுக்கிய மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். ஒரு பாதியில் படம் நின்றுகொண்டிருந்தது, இன்னொரு பாதியில் சென்னையில் ஒரு கண்ணாடி அறையில் கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து அவளுக்கு வணக்கம் சொன்னார்கள்.

"அம்மா, நாங்க சொல்லிப் பார்த்தோம், அவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை," என்றான். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுந்து வெளிய போயிடுவார். நாங்க அவரோட ஒரு படத்தை நல்லா வரைஞ்சு பெரிசா பிரேம் போட்டு..."

"கோட்டு மாட்டியா?"

"அது உங்க இஷ்டம்மா."

"மீரான் கடைப் பூட்டை எடுப்பீங்களா?"

ஸ்ரீவத்சன் கண்ணாடி அறையைப் பார்த்தான். அங்கே ஒருவர் தொண்டையைச் செருமி, "அதைப் பிறகு தனியா பேசலாம்," என்றார்.

"பிறகா? சரி," என்றாள் சுடலைக்கனி. "படத்தை ஓட விடுங்க. பேசுதேன்."

கோமு கண்ணைக் காட்டியதும் ஒவ்வொரு தறியாக நிறுத்தினார்கள். எப்போதும் சத்தத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு அந்த நிசப்தம் காதை அடைத்தது. வெளியே மீரானும் தெருக்காரர்களும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் போய்விடச் சொன்னால் அவன் போய்விடுவான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்திறந்து ஒன்று சொன்னால் அவன் தட்டியதில்லை. ஸ்ரீவத்சன் பொத்தானைத் தட்டினான், படம் ஓடியது, நடுவரிசையில் தலை ஆடியது.

சுடலைக்கனி குனிந்து, "ஏங்க," என்றாள்.

லிங்கதுரை பாதி திரும்பினான். "என்னட்டி?"

"சீட்டு எப்படி இருக்கு?"

"மூட்டப்பூச்சி இல்ல. ஏசி போட்டிருக்கான். தண்ணிதான் கொஞ்சம் வெல சொல்லுதான்."

ஸ்ரீவத்சன் இரண்டு கையையும் கூப்பி, சொல்லுங்கள் என்று வாயசைத்தான். கண்ணாடி அறையில் நாலு பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"அப்போ எந்திரிக்காதீங்க," என்றாள் அவள். "யாரு வந்து கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க. காலை நல்லா நீட்டிக்கிட்டு உக்காருங்க. வீட்டுல ஒரு அவசரமும் இல்ல."

"சரிட்டி," என்றான் லிங்கதுரை. முன் சீட்டின் முதுகில் முதலில் வலது காலைப் போட்டான், பிறகு அதன்மேல் இடது காலைப் போட்டான். டொராண்டோவிலும் பினாங்கிலும் துபாயிலும் சென்னையில் கண்ணாடி அறையிலும், கதாநாயகன் முகத்துக்கு நேரே, சாயம் ஏறி வெடித்த இரண்டு பெரிய பாதங்கள் வந்து நின்றன. சுடலைக்கனி ஆப்பிள் பையை ஸ்ரீவத்சன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அறுந்து கிடந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.